முதலில் காது, அப்புறம் கண், கடைசியில்தான் கால்!

குட்டிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாலே அறிமுகம்: எங்கே தொடங்கலாம், எதைத் தொடவே கூடாது?

இரண்டாம் உலகப் போர் கொண்டுவந்த வறுமை இன்னும் விலகாத நேரம். ரஷ்யாவின் ஊஃபா நகரில் புத்தாண்டுக்கு முந்தைய இரவு. ஃபரீதா என்ற தாயின் கையில் இருந்தது ஒரே ஒரு டிக்கெட். ஓபரா அரங்கின் வாசலில் பயங்கர நெரிசல். கூட்டத்தோடு கூட்டமாகப் பிள்ளைகளையும் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார் அவர். அன்று மேடையில் நடந்தது ஒரு பாலே. காலுக்குச் செருப்புகூட இல்லாமல் வளர்ந்த அவருடைய கடைசிப் பிள்ளைக்கு அப்போது ஆறேழு வயது. நானும் ஆடுவேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். அவன்தான் பின்னாளில் உலகமே கொண்டாடிய ருடால்ஃப் நூரேயெவ். லெனின்கிராடின் புகழ்பெற்ற பாலே பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்தது 1955-ல், 17 வயதில்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் துணி வெளுத்துப் பிழைத்த ஒரு பெண், எட்டு வயது மகளை மரின்ஸ்கி அரங்குக்கு அழைத்துப் போய் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ காட்டினார். அந்தச் சிறுமி அன்னா பாவ்லோவா. பாலே பள்ளி அவளைச் சேர்த்துக்கொண்டது பத்து வயதில். அமெரிக்காவில் பாலேவை வேரூன்றச் செய்த ஜார்ஜ் பாலன்ஷீனின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஒன்பது வயதில் பள்ளியில் கொண்டுபோய் விட்டபோது பிடிக்காமல் ஓடிப்போனவர் அவர். தினசரிப் பயிற்சி அவருக்கு வேப்பங்காய். பிறகு ஒருநாள் அதே ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் குட்டி வேடம் ஒன்று கிடைத்தது. இசை, விளக்கு, திரை எல்லாவற்றையும் மேடையிலிருந்து பார்த்த பிறகுதான் மனம் மாறியது.

மூவரையும் பிடித்து இழுத்தது கதையும் இசையும்தான். உடற்பயிற்சி அல்ல. நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பிங்க் ஃப்ராக் முதலில் வருகிறது. அடுத்து ஆன்லைனில் பளபளக்கும் ஷூ. அதற்கடுத்து ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து ஸ்ப்ளிட். இசை வரும்போது குழந்தைக்கு அலுத்துப்போயிருக்கிறது, சில நேரம் வலித்தும் போயிருக்கிறது. வரிசையைச் சரிசெய்தால் போதும். அம்மாவோ அப்பாவோ ஓர் அடிகூட ஆடத் தெரியாதவர்களாக இருந்தாலும் வீட்டில் பாலேவைத் தொடங்கிவிடலாம்.

மூணு வயசுல சேர்க்கலைன்னா போச்சா?

போகாது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாகனோவா அகாடமி 1738-ல் தொடங்கியது. பாவ்லோவாவும் பாலன்ஷீனும் நூரேயெவும் படித்த இடம் அதுதான். இன்றும் அங்கே முறையான பாடம் தொடங்குவது ஏறக்குறைய பத்து வயதில். லண்டன் ராயல் பாலே ஸ்கூலின் முழுநேரப் பிரிவில் 11 வயதிலிருந்துதான் சேர்க்கிறார்கள். உலகெங்கும் தேர்வு நடத்தும் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் அமைப்பின் ஆரம்பநிலைத் தேர்வுக்கே குழந்தைக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்கன் பாலே தியேட்டரில் ஆடிய மிஸ்டி கோப்லண்ட் பாலே கற்கத் தொடங்கியது 13 வயதில். 2015-ல் அந்தக் குழுவின் முதன்மை ஆட்டக்காரராக உயர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

அவசரம் வேண்டாம் என்பதற்கு உடம்பே ஒரு காரணம் சொல்கிறது. பாலே ஆடுபவரின் பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திருப்பம் பிறக்குமிடம் இடுப்பு மூட்டு. பாதத்தை மட்டும் வலுவில் திருப்பி நிறுத்தினால் முழங்காலும் கணுக்காலும் முறுக்கிக்கொள்கின்றன. ஐந்து வயதுக் குழந்தையிடம் “காலை இன்னும் திருப்பு” என்று சொன்னால் அது இந்தத் தவறான வழியில்தான் திருப்பும். வேறு வழி அதற்குத் தெரியாது.

அடுத்தது, எல்லாச் சிறுமிகளும் ஆசைப்படும் பாயிண்ட் ஷூ. அதன் முனையில் மரக்கட்டை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வழக்கமான ஷூவில் துணியும் காகிதமும் அடுக்கடுக்காகப் பசையில் ஒட்டி இறுக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். உடலைத் தூக்கி நிறுத்துவது ஷூவைவிடக் காலும் வயிறும் முதுகும்தான். பாதத்து எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் பதின்ம வயதில்தான் மூடுகின்றன. அதனால் பொறுப்பான ஆசிரியர்கள் சில ஆண்டு முறையான பயிற்சிக்குப் பிறகு, 11 அல்லது 12 வயதையொட்டித்தான் பாயிண்ட் ஷூவைக் கொடுப்பார்கள். ஆறு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக அதை வாங்கிக் கொடுப்பது நல்ல யோசனை அல்ல.

காது: 20 நிமிட நட்கிராக்கர்

தொடங்குவதற்கு சாய்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ அளவுக்கு வசதியானது வேறில்லை. 1892 டிசம்பரில் மரின்ஸ்கியில் அரங்கேறியது. கிறிஸ்துமஸ் இரவில் ஒரு சிறுமிக்குப் பாக்குவெட்டி மாதிரியான பொம்மை ஒன்று பரிசாக வருகிறது. வாயில் கொட்டையை வைத்து அழுத்தினால் உடைத்துத் தரும் சிப்பாய்ப் பொம்மை. நள்ளிரவில் அதற்கு உயிர் வருகிறது. எலி ராஜாவோடு சண்டை போடுகிறது. சிறுமி தன் செருப்பைக் கழற்றி வீசி எலி ராஜாவைச் சாய்க்கிறாள். அப்புறம் இருவரும் மிட்டாய் நாட்டுக்குப் பயணம். ஐந்து வயதுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முழு பாலேவும் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். அதிலிருந்து எட்டுத் துண்டுகளை எடுத்து சாய்கோவ்ஸ்கியே கோத்த ‘நட்கிராக்கர் சூட்’ இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். முதலில் படம் வேண்டாம், ஒலி மட்டும் போதும். வாரத்துக்கு ஒரு துண்டு.

‘சுகர் பிளம் ஃபேரி’யின் நடனத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு நிமிடம். அதில் மணி மணியாக உதிரும் ஒலி ஒரு வாத்தியத்திலிருந்து வருகிறது. பெயர் செலஸ்டா. பார்க்கச் சிறிய பியானோ மாதிரி இருக்கும், உள்ளே கம்பிக்குப் பதில் உலோகத் தகடுகள். 1891-ல் பாரிஸில் இதைக் கேட்டு மயங்கிய சாய்கோவ்ஸ்கி, ரஷ்யாவில் மற்ற இசையமைப்பாளர்கள் மோப்பம் பிடித்து முந்திவிடக் கூடாதென்று ரகசியமாக வரவழைக்கச் சொன்னார். பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

பாட்டைப் போட்டுவிட்டு, “மணிச் சத்தம் வரும்போது நுனிக்காலில் நட” என்று மட்டும் சொல்லுங்கள். செலஸ்டா இரண்டடி வைத்ததும் ‘பாஸ் கிளாரினெட்’ என்ற அடித்தொண்டை வாத்தியம் ஒன்று மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும். இரண்டாவது முறை போடும்போது, “இந்தத் தாத்தா குரல் வரும்போது மெதுவா உட்காரு” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை நீங்கள் தாத்தா, குழந்தை தேவதை. இசையைக் கவனித்து, அது சொன்ன நேரத்தில், சொன்ன விதத்தில் உடம்பை அசைப்பதுதான் பாலே வகுப்பின் முதல் ஆண்டுப் பாடமும். குழந்தைக்கு அது விளையாட்டாகவே வந்துவிடுகிறது.

‘பூக்களின் வால்ட்ஸ்’ மூன்று எண்ணிக்கையில் போகும். தகிட, தகிட என்று கை தட்டினால் அச்சாகப் பொருந்தும். முதல் தட்டு அழுத்தம், மற்ற இரண்டும் மெல்ல. ‘ட்ரெபாக்’ என்ற ரஷ்ய ஆட்டம் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். வேகம் ஏறிக்கொண்டே போய்ப் பொட்டென்று நிற்கும். நிற்கும் அந்த நொடியில் சிலையாகிவிட வேண்டும் என்பது ஆட்டம். ‘அரேபிய நடன’த்துக்கு அடிப்படை ஒரு ஜார்ஜியத் தாலாட்டு. அதைப் படுக்கப்போகும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நட்கிராக்கர் அலுத்துப்போனால் புரோகோஃபியெவின் ‘பீட்டரும் ஓநாயும்’ இருக்கிறது. மாஸ்கோவின் குழந்தைகள் அரங்குக்காக 1936-ல் எழுதப்பட்டது. பூனைக்கு கிளாரினெட், வாத்துக்கு ஓபோ, தாத்தாவுக்கு பஸூன் என்று பாத்திரத்துக்கு ஒரு வாத்தியம். இது பாலேவுக்காக எழுதியதல்ல என்றாலும் காதைப் பழக்க நல்ல பாடம்.

கண்: எதைக் காட்டலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

காது பழகிய பிறகு திரை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெரிய பாலே நிறுவனங்களே காட்சித் துண்டுகளையும் பயிற்சி வகுப்புகளையும் யூடியூப்பில் இலவசமாக வைத்திருக்கின்றன. 2014 முதல் நடக்கும் ‘உலக பாலே தினம்’ நேரலைகளில், வியர்வை வழியப் பயிற்சி செய்யும் கலைஞர்களைப் பார்க்கலாம். மேடையில் பறப்பவர்களும் தினம் காலையில் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நீட்டித்தான் தொடங்குகிறார்கள் என்பதைக் குழந்தை ஒருமுறை பார்த்துவிட்டால் நூறு அறிவுரை மிச்சம்.

சிரிக்க வைக்கும் கதைகளை முதலில் எடுங்கள். ஃபிரெடரிக் ஆஷ்டன் 1960-ல் அமைத்த ‘லா ஃபீய் மால் கார்டே’ தொடங்குவதே சேவலும் கோழிகளும் ஆடும் ஆட்டத்தோடுதான். அதில் வரும் கண்டிப்பான அம்மா வேடத்தை ஆண்தான் போடுவார். மரச்செருப்போடு அவர் போடும் தாளக்கட்டுக்குப் பெரியவர்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 1870-ல் பாரிஸில் அரங்கேறிய ‘கொப்பேலியா’வில் ஒரு பொம்மைக்காரர், தான் செய்த பொம்மைக்கு உயிர் வந்துவிட்டதென்று நம்புகிறார். உண்மையில் ஊர்ப்பெண் ஒருத்திதான் பொம்மை வேடம் போட்டு அவரை ஏமாற்றுகிறாள். இங்கிலிஷ் நேஷனல் பாலே, மூன்று வயதிலிருந்து பார்க்கத் தக்கதாகக் கதைசொல்லியோடு சுருக்கித் தரும் ‘மை ஃபர்ஸ்ட் பாலே’ வரிசையை வைத்திருக்கிறது. நார்தர்ன் பாலே, குட்டிக் குழந்தைகளுக்கென்றே முக்கால் மணிக்குள் முடியும் பாலேக்களைச் செய்கிறது.

காதலில் ஏமாந்து இறந்து ஆவியாகும் ‘ஜிசேல்’ பிறகு வரட்டும். ‘ஸ்வான் லேக்’கும் முழுதாக வேண்டாம். பல அமைப்புகளில் முடிவு சோகம், நீளமும் அதிகம். ஆனால் அதில் நான்கு குட்டி அன்னங்கள் ஆடும் துண்டைத் தவறவிடாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு நான்கு பேரும் பக்கவாட்டில் நகர, தலைகள் ஒரே நேரத்தில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பும். விடுமுறையில் சித்தி, பெரியம்மா பிள்ளைகள் கூடும்போது நான்கு பேரை அப்படிக் கைகோத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் தப்பினாலும் நால்வரும் தடுமாறுவார்கள். மேடையில் பார்ப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது தானாகப் புரியும்.

இன்னொரு விளையாட்டு, பாலேவின் சைகைகள். தலைக்கு மேல் இரு கைகளும் ஒன்றையொன்று சுற்றினால் “ஆடு.” இடது மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் “கல்யாணம்.” முகத்தைச் சுற்றிக் கை வட்டமிட்டால் “அழகு.” மூடிய இரு முஷ்டிகளும் மணிக்கட்டில் குறுக்கே விழுந்தால் “சாவு.” அபிநயம் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகள் இதை ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

படம் வரைகிற குழந்தை என்றால் எட்கர் டெகாவின் ஓவியங்களைக் காட்டுங்கள். 1881-ல் அவர் காட்சிக்கு வைத்த 14 வயது ஆட்டக்காரி சிலைக்கு மாதிரியாக நின்றவள், பாரிஸ் ஓபராவில் பயின்ற ஏழைச் சிறுமி. மெழுகில் செய்த அந்தச் சிலைக்கு நிஜத் துணியில் பாவாடை, தலையில் நிஜ ரிப்பன். கைகளைப் பின்னால் கோத்து, முகவாயை உயர்த்தி, ஒரு காலை முன்னால் வைத்து நிற்கிறாள். அதே மாதிரி நிற்கச் சொன்னால் பிள்ளைகள் உடனே நின்று காட்டுவார்கள்.

கால்: கூடத்தில் ஓர் அரை மணி

இப்போதுதான் காலுக்கு வருகிறோம். முதலில் தரை. பாலே அரங்குகளில் தரைக்கு அடியில் மரச்சட்டம் போட்டு, குதித்தால் சற்று நெகிழ்ந்து கொடுக்கும்படி அமைத்திருப்பார்கள். நம் வீட்டு டைல்ஸும் கிரானைட்டும் நெகிழாது. ஆகவே குதிப்பது குறைவாக இருக்கட்டும். சாக்ஸ் போட்டால் வழுக்கும், பாய் விரித்தால் நழுவும். வெறுங்காலே நல்லது. பிடித்துக்கொள்ளக் கனமான மர நாற்காலி போதும், பிளாஸ்டிக் நாற்காலி சாயும். கண்ணாடி தேவையில்லை. டூட்டூ பாவாடை குழந்தையின் இஷ்டம், ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளட்டும்.

முதல் ஐந்து நிமிடம் நடை. நிமிர்ந்து, முன்பாதம் முதலில் தரையைத் தொடும்படி, இசைக்கு ஏற்ப. அடுத்து நாற்காலியின் முதுகை நோக்கி நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். வாகனோவா பள்ளியிலும் முதல் வருடப் பிள்ளைகள் கட்டையை நேருக்கு நேர் பார்த்து, இரு கையாலும் பிடித்துத்தான் தொடங்குகிறார்கள். குதிகால்கள் சேர்ந்து, விரல்கள் தாமாக எவ்வளவு விரிகின்றனவோ அவ்வளவே விரியட்டும். அப்படியே முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்வது ‘பிளியே.’ இதில் பெற்றோர் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, முழங்கால் உள்ளே சரியாமல் கால்விரல்களுக்கு நேர் மேலே போக வேண்டும். சரிந்தால் பாதத்தின் விரிப்பைக் குறைத்துவிடுங்கள். கையால் பிடித்துத் திருப்பாதீர்கள்.

அதன்பின் ‘தாந்து.’ ஒரு காலைத் தரையோடு தேய்த்துக்கொண்டே முன்னால் நீட்டி, விரல் நுனி தரையில் பட நிறுத்தி, தேய்த்தபடியே திரும்பக் கொண்டுவருவது. பக்கத்துக்கு நான்கு முறை போதும். பிறகு இரண்டு மூன்று சின்னக் குதிப்பு, பூனை குதிப்பதுபோலச் சத்தமில்லாமல் முழங்கால் மடங்கி இறங்க வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்டால் ஒரு பாயிண்ட் போச்சு!

மீதி நேரமெல்லாம் குழந்தையுடையது. பனித்துளியாகவோ எலி ராஜாவாகவோ தன் இஷ்டத்துக்கு ஆடட்டும். அந்த நேரத்தில் திருத்தம் சொல்லாதீர்கள். கடைசியில் கட்டாயம் ‘ரெவெரான்ஸ்.’ ஆசிரியருக்கும் இசைப்பவருக்கும் தலைவணங்கி நன்றி சொல்லி முடிப்பது பாலே வகுப்பின் மரபு. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை இப்படிப் போனால் தாராளம்.

கூடவே கூடாதவை சில. ஸ்ப்ளிட்டுக்காகத் தோளையோ இடுப்பையோ அழுத்தாதீர்கள். சாதாரண ஷூவில் விரல் நுனியில் நிற்கவிடாதீர்கள். “அந்தப் பொண்ணு எவ்ளோ ஒல்லி பாரு” என்ற பேச்சு குழந்தை காதில் விழவே கூடாது. உடல் எடை பற்றிய கவலையை இந்தக் கலை தன் மாணவர்களுக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. வீட்டிலிருந்தும் அது தொடங்க வேண்டியதில்லை.

பையனுக்கு எதுக்கு பாலே?

பாலேவுக்கு அரசு அங்கீகாரம் தந்து 1661-ல் பாரிஸில் நடன அகாடமி நிறுவிய பதினான்காம் லூயி, தானே ஆடியவர். 1653-ல், 14 வயதில், உதய சூரியனாக வேடமிட்டு மேடையேறினார். ‘சூரிய மன்னன்’ என்ற பெயர் நிலைத்ததில் அந்த வேடத்துக்கும் பங்குண்டு. படிகளுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர் இருப்பதும் அந்த அரண்மனை வழி வந்ததுதான். நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. மும்பையில் வெல்டிங் தொழிலாளியின் மகன் அமீருதீன் ஷாவும், டாக்சி ஓட்டுநரின் மகன் மணீஷ் சவுஹானும் யெஹூதா மாவோர் என்ற ஆசிரியரிடம் பாலே கற்றார்கள். அமீருதீனுக்கு லண்டன் ராயல் பாலே ஸ்கூலில் இடம் கிடைத்தது. இவர்கள் கதைதான் 2020-ல் ‘யே பாலே’ என்ற படமாக வந்தது. தங்கை ஆடும்போது அண்ணனையும் கூப்பிடுங்கள்.

பரதம் கற்கும் குழந்தைக்குக் குழம்பாதா?

பரதத்தின் அரைமண்டியில் முழங்கால் மடங்கியபடி இருந்துகொண்டே ஆட வேண்டும். பிளியேவில் மடங்குவது எழுவதற்காக. பரதத்தில் பாதம் தரையைத் தட்டிப் பேசும். பாலேவில் காலடிச் சத்தம் கேட்டால் குறை. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் குழம்புவதில்லை. ஒன்றின் அளவுகோலை எடுத்து மற்றதைத் திருத்தும்போதுதான் சிக்கல்.

இரண்டு கலைகளுக்கும் பழைய பரிச்சயமும் உண்டு. 1838-ல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசியர் குழு ஒன்று பாரிஸுக்குப் போய் ஆடியது. குழுவில் ஒரு சின்னஞ்சிறு பெண்ணும் இருந்தாள். அவர்களைப் பார்த்து வியந்து பக்கம் பக்கமாக எழுதிய தியோஃபில் கோத்தியே, மூன்று ஆண்டு கழித்து ‘ஜிசேல்’ பாலேவின் கதையை அமைத்தவர்களில் ஒருவர். ருக்மிணி தேவி அருண்டேல் 1928-ல் பம்பாயில் பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் நட்பாகி, பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலேவும் கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொன்ன யோசனை, அவரைப் பரதத்தின் முன்வடிவான சதிர் பக்கம் திருப்பியதில் ஒரு தூண்டுதல். 1936-ல் அவர் நிறுவிய கலாக்ஷேத்ரா பிறந்தது. இந்தக் கதை தெரிந்த குழந்தைக்கு பாலே அந்நியமாகத் தோன்றாது.

வகுப்பில் எப்போது சேர்ப்பது?

குழந்தையே கேட்கும்போது. அப்படிக் கேட்டால் ஆசிரியரிடம் நீங்கள் சில கேள்விகள் கேட்க வேண்டும். எந்தப் பாடத்திட்டம்: ராயல் அகாடமியா, செக்கெட்டியா, வாகனோவாவா? தரை மரமா, வெறும் சிமெண்டா? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? பாயிண்ட் ஷூ எந்த வயதில்? கடைசிக் கேள்விக்கு “ஏழு வயசுலயே போட்டுடலாம்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஆண்டு விழா உடைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைவிட, வகுப்பில் குழந்தை எவ்வளவு நேரம் இசை கேட்கிறது என்பதைப் பாருங்கள்.

கேட்கவே இல்லையென்றால்? சேர்க்க வேண்டாம். பாலே பார்க்கும் குழந்தைகளில் மேடைக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்களுக்கு ஒரு நல்ல ரசிகரின் காதும் கண்ணும் மிச்சம். சாய்கோவ்ஸ்கி ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் வந்ததுதான், அதற்கு மாதாந்திர ஃபீஸும் கிடையாது.